கடுமையா, நிச்சயமா? தண்டனை எப்போது தடுக்கிறது

"தூக்குல போட்டா அடுத்தவன் பயப்பட மாட்டானா அக்கா?"

கேட்டது, தேனிப் பக்கத்திலிருந்து வந்து பேர் சராயில் அறை எடுத்துப் படிக்கும் ஒரு தம்பி. தில்லியில் குடிமைப்பணித் தேர்வுக்குத் தயாராகும் தமிழ்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் முனிர்காவில் என் வீட்டுக்கு வருவார்கள், பாய் விரித்து உட்கார்ந்து சமூகவியல் பேசுவோம். அன்று குற்றமும் தண்டனையும் பாடம். நேரம் போதாமல் அவன் கேள்விக்குப் பாதிதான் பதில் சொன்னேன், மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்தப் பாடம் தெரியாதவர்களுக்காகவே எழுதுவதால் அடியிலிருந்து தொடங்குகிறேன்.

அவன் கேள்வியில் தப்பே இல்லை. 2012 டிசம்பரில் நானும் அதையேதான் கேட்டேன். நிர்பயா பஸ் ஏறிய நிறுத்தம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அந்தக் குளிரில் மெழுகுவர்த்தி பிடித்து நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன், தூக்கு வேண்டும் என்று எழுதிய அட்டை என் கையிலும் இருந்தது. அந்தக் கோபத்துக்காக இன்றும் நான் வருத்தப்படவில்லை. ஆனால் கோபம் தீர்வது வேறு, நாளைக்கு ராத்திரி அதே நிறுத்தத்தில் நிற்கிற பெண் பத்திரமாக வீடு வந்து சேர்வது வேறு. இரண்டாவதற்கு என்ன வேண்டும் என்று தேடிப் படிக்க எனக்குச் சில வருடங்கள் ஆயின.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். எதற்காகத் தண்டிக்கிறோம்? ஒரே பதில் கிடையாது. செய்த தப்புக்கு ஈடாக அனுபவிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். ஆளை உள்ளே வைத்திருக்கும் வரை வெளியே தப்புச் செய்ய மாட்டான் என்பது இன்னொன்று, திருத்தி அனுப்பலாம் என்பது மற்றொன்று. நான்காவது, இவனுக்குக் கிடைத்ததைப் பார்த்து இவனும் மற்றவர்களும் இனிமேல் செய்யாமல் இருப்பார்கள் என்பது. இந்த நான்காவதைத்தான் தடுப்புக் கோட்பாடு என்கிறார்கள், வகுப்பில் டிடெரன்ஸ் என்றே சொல்லிவிடுவோம். செய்தவனையே மறுபடி செய்யவிடாமல் தடுத்தால் அது தனித் தடுப்பு. ஊரில் உள்ள மற்றவர்களைத் தடுத்தால் பொதுத் தடுப்பு. தம்பி கேட்டது பொதுத் தடுப்பைப் பற்றி.

ஈடு கட்டுவதற்காகத் தண்டனை வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அது நியாயம் சார்ந்த வாதம், அதைப் புள்ளிவிவரம் வைத்துத் தோற்கடிக்க முடியாது. "தூக்கில் போட்டால் குற்றம் குறையும்" என்று சொன்னால் அது உலகத்தைப் பற்றிய கூற்று. குறைகிறதா இல்லையா என்று போய்ப் பார்க்கலாம். பார்த்தும் இருக்கிறார்கள்.

1764-ல் இத்தாலியில் செசாரே பெக்காரியா என்ற இளைஞர், இருபத்தாறு வயதுதான், ஒரு சின்ன நூலைத் தன் பெயர் போடாமல் வெளியிட்டார். சித்திரவதையும் பகிரங்க மரண தண்டனையும் சாதாரணமாக இருந்த காலம் அது. தண்டனைக்கு மூன்று குணங்கள் உண்டு என்பதுதான் அவர் பேச்சின் சாரம்: எவ்வளவு கடுமை, எவ்வளவு நிச்சயம், எவ்வளவு சீக்கிரம். கடுமையான தண்டனை தப்பிக்கலாம் என்ற நம்பிக்கையோடு சேர்ந்து வரும்போது உண்டாகிற பயத்தைவிட, தப்பிக்கவே முடியாத மிதமான தண்டனைதான் மனதில் ஆழமாகப் பதியும் என்றார். இருநூற்று அறுபது வருடங்களுக்குப் பிறகும் இந்தத் துறையின் ஆராய்ச்சி பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்தைச் சோதித்துப் பார்ப்பதுதான்.

இதை தில்லி ரோட்டிலேயே பார்க்கலாம். 2019 செப்டம்பர் 1-ம் தேதி மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. ஹெல்மெட் இல்லாவிட்டால் 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500-லிருந்து 5,000, குடித்துவிட்டு ஓட்டினால் 2,000-லிருந்து 10,000. அந்த முதல் வாரத்தில் பெட்ரோல் பங்க்குகளில் புகைச் சான்றிதழ் வாங்க நின்ற வரிசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பத்து வருடமாகச் சான்றிதழே எடுக்காத வண்டியெல்லாம் வந்து நின்றது. சில வாரம் போனது, வரிசை கரைந்தது. அபராதம் குறையவில்லை, சட்டமும் மாறவில்லை. "யாரும் பிடிக்கிற மாதிரித் தெரியலையே" என்பது மட்டும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதே ஆட்கள், அதே வண்டி, கேமரா வைத்த சிக்னலில் எப்படி நிற்கிறார்கள் என்று கவனியுங்கள், ராத்திரி பதினொன்றுக்கு ரோடு காலியாக இருந்தாலும் வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அடுத்த சிக்னலில் கேமரா இல்லை, வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. இரண்டு இடத்திலும் அபராதத் தொகை ஒன்றுதான்.

பொருளாதார அறிஞர் கேரி பெக்கருக்கும் ஒரு வண்டிக் கதை உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போகிற அவசரத்தில், தூரத்தில் காசு கொடுத்து நிறுத்துவதா, தடை செய்த இடத்தில் நிறுத்திவிட்டு ஓடுவதா என்று யோசித்தாராம். மாட்டுவதற்கு எவ்வளவு வாய்ப்பு, மாட்டினால் எவ்வளவு அபராதம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டுத் தெருவிலேயே நிறுத்தினார். 1968-ல் அந்தக் கணக்கையே ஆய்வுக் கட்டுரையாக எழுதினார், 1992-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது இந்த வேலையும் அதில் சேர்ந்திருந்தது. அவர் சூத்திரத்தில் மாட்டும் வாய்ப்பையும் தண்டனையின் அளவையும் பெருக்குகிறோம். அப்படியானால் வாய்ப்பைக் கூட்டினாலும் அளவைக் கூட்டினாலும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று தோன்றும். அரசாங்கங்களுக்கு அளவைக் கூட்டுகிற அந்தப் பாதி மிகவும் பிடிக்கும், ஏனென்றால் மாட்டும் வாய்ப்பைக் கூட்டப் போலீஸ் வேண்டும், தடயவியல் ஆய்வகம் வேண்டும், நீதிபதிகள் வேண்டும். அளவைக் கூட்ட ஒரு மசோதா போதும்.

ஆனால் மனிதர்கள் அப்படிப் பெருக்கிப் பார்ப்பதில்லை. மாட்டவே மாட்டோம் என்று நினைக்கிறவனுக்குத் தண்டனை ஏழு வருடமா பதினான்கு வருடமா என்பது கணக்கிலேயே வராது. பூஜ்ஜியத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்ஜியம். அதோடு, குற்றங்களில் பெரும்பங்கு குடிபோதையிலும் ஆத்திரத்திலும் கூட்டாளிகள் முன்னால் வீராப்பாகவும் நடப்பவை. அந்த நிமிடத்தில் பத்து வருடம் கழித்து வரப்போகிற எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது என்பது இன்னொரு விஷயம். அமெரிக்காவில் கேரி கிளெக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், பெருநகரப் பகுதிகளில் வாழும் மக்களிடம் உங்கள் ஊரில் தண்டனை எவ்வளவு கடுமை, எவ்வளவு நிச்சயம் என்று கேட்டு, அதை உண்மை நிலவரத்தோடு ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை. சட்டமன்றத்தில் தண்டனையை ஏற்றினால் அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டியவன் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த உதாரணம், பிடித்த என்று சொல்வதே சங்கடம், போர்க்காலத்துக் கோபன்ஹேகன். 1944 செப்டம்பரில் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர்கள் அந்த நாட்டுப் போலீஸைக் கைது செய்துவிட்டார்கள். ஆயுதம் இல்லாத, அவசரத்துக்குத் திரட்டிய காவல் குழுதான் மிச்சம். திருட்டும் வழிப்பறியும் பல மடங்கு ஏறின. நார்வே நாட்டுச் சட்ட அறிஞர் ஆண்டெனஸ் இதை எழுதும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்கச் சொன்னார். ஒன்று, பிடிபட்டவர்களுக்கு அப்போது தண்டனையை நன்றாகவே கூட்டியிருந்தார்கள், இருந்தும் குற்றம் இறங்கவில்லை, ஏனென்றால் பெரும்பாலானவர்கள் பிடிபடவே இல்லை. இரண்டு, மோசடி, கையாடல் போன்ற குற்றங்கள் அவ்வளவாக ஏறவில்லை. கையாடலில் குற்றம் தெரிய வந்தாலே செய்தவன் யார் என்பதும் தெரிந்துவிடும், போலீஸ் தேட வேண்டியதில்லை. அதாவது நிச்சயம் போன இடத்தில் குற்றம் ஏறியது, நிச்சயம் இருந்த இடத்தில் ஏறவில்லை. யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாத பரிசோதனை அது.

சரி, கடுமையைக் கூட்டினால் பயன் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், கெடுதல் ஒன்றும் இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். கெடுதல் உண்டு. கடுமை ஏற ஏற நிச்சயம் இறங்குகிறது. 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 200-க்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை இருந்தது. ஒரு வீட்டுக்குள் புகுந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே தூக்கு. ஜூரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா, திருடுபோன பொருள் எவ்வளவு விலை போனாலும் அதன் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்பு எழுதினார்கள். ஒரு மனிதனை வெள்ளிக் கரண்டிக்காகக் கொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. நம் ஊரிலும் இதுதான் வேறு உருவத்தில் நடக்கிறது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்த ஆள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை வருடா வருடம் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், மாமா, வேலை கொடுத்தவர். 2018-ல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியை வன்கொடுமை செய்தால் மரண தண்டனை வரை தரலாம் என்று சட்டம் வந்தபோது, குழந்தைகளுக்காக வேலை செய்பவர்கள் பலர் கவலைப்பட்டது இதனால்தான். செய்தது சித்தப்பா, புகார் கொடுத்தால் தூக்கு வரை போகலாம் என்றால், எத்தனை வீட்டில் அந்தக் குழந்தையைப் பேச விடுவார்கள்? அதைவிடப் பயங்கரம், வன்கொடுமைக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை என்றால் ஒரே சாட்சியான குழந்தையை உயிரோடு விடுவதில் குற்றவாளிக்கு என்ன லாபம்? தண்டனைகளுக்கு நடுவில் படி வேண்டும், பெரிய தப்புக்குப் பெரிய தண்டனை என்ற இடைவெளி வேண்டும் என்று பெக்காரியாவே எழுதியிருக்கிறார்.

மரண தண்டனை பற்றிய ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் முடிவு சின்னதுதான். 1975-ல் ஐசக் எர்லிக் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், ஒரு மரண தண்டனை ஏழெட்டுக் கொலைகளைத் தடுக்கிறது என்று கணக்கிட்டார். பரபரப்பான கட்டுரை. மற்றவர்கள் அதே தரவை எடுத்து, சில வருடங்களை விட்டுவிட்டு, சூத்திரத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டதும் அந்த எண்ணே கரைந்து போனது. 2012-ல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் பார்த்துவிட்டு, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா கூட்டுகிறதா ஒன்றும் செய்யவில்லையா என்பதை இந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது, கொள்கை முடிவுக்கு இவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டது. இந்தியாவில் நீதிபதி ஏ.பி.ஷா தலைமையில் சட்ட ஆணையம் 2015 ஆகஸ்டில் தந்த 262-வது அறிக்கையும், ஆயுள் தண்டனை தடுப்பதைவிட அதிகமாக மரண தண்டனை தடுப்பதாகத் தெரியவில்லை என்று கூறி, பயங்கரவாதக் குற்றங்கள், நாட்டுக்கு எதிரான போர் ஆகியவை தவிர மற்றவற்றில் ஒழிக்கச் சொன்னது.

இதில் நாகர்கோவில் பிள்ளை ஒருத்தி வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் ஒன்று உண்டு. 1956 நவம்பர் வரை கன்னியாகுமரி திருவிதாங்கூரோடு இருந்தது, அந்தத் திருவிதாங்கூரில் 1940-களில் சில வருடம் மரண தண்டனை கிடையாது. அது இல்லாத 1945 முதல் 1950 வரை 962 கொலைகள், அது திரும்பி வந்த 1950 முதல் 1955 வரை 967 கொலைகள். உடனே "பார்த்தாயா" என்று துள்ளக் கூடாது. அந்தப் பத்து வருடத்தில் மக்கள்தொகை ஏறியது, நாடே மாறியது, வேறு எத்தனையோ நடந்தது. இரண்டு எண்களை அருகருகே வைத்துவிட்டுக் காரணம் சொல்வது ஆராய்ச்சி ஆகாது. ஆனால் கயிறு போனதும் கொலை பெருகும் என்று பயந்தவர்களுக்கு அந்த எண்கள் ஒன்றாவது சொல்கின்றன, அப்படி எதுவும் நடக்கவில்லை.

இப்போது முனிர்காவுக்கே வருகிறேன். அந்த டிசம்பர் 16 ராத்திரியை இந்தக் கோட்பாட்டோடு சேர்த்துப் பாருங்கள். அது பொதுமக்களை ஏற்றிப் போகிற பஸ்ஸே இல்லை, ஒப்பந்தத்தில் ஓடுகிற தனியார் பஸ், வேலை நேரம் முடிந்த பிறகு சட்டவிரோதமாக ஆள் ஏற்றிக்கொண்டு திரிந்தது. கறுப்புக் கண்ணாடி, திரைச்சீலை. வாகனங்களில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதே வருடம் ஏப்ரலில்தான் உத்தரவு போட்டிருந்தது. அன்று மாலை, நிர்பயாவும் அவர் நண்பரும் ஏறுவதற்கு முன்பே, அதே கும்பல் அதே பஸ்ஸில் ஒரு தச்சுத் தொழிலாளியை ஏற்றி, அடித்து, இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு ஐஐடி மேம்பாலத்துப் பக்கம் இறக்கி விட்டிருந்தது. கண்ணாடிக்கு ஒரு அபராத சலான், பர்மிட் இல்லாததற்கு ஒரு பறிமுதல், அந்தத் தொழிலாளி இறங்கியதும் வயர்லெஸ்ஸில் ஒரு தகவல். இவற்றுக்கெல்லாம் சட்டப் புத்தகத்தில் உள்ள தண்டனை ரொம்பச் சின்னது. அந்தச் சின்னத் தண்டனைகளில் ஏதாவது ஒன்று அன்று நிச்சயமாக நடந்திருந்தால் அந்த பஸ் முனிர்கா நிறுத்தத்துக்கு வந்திருக்காது. நான் இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

பெரிய தண்டனையும் கிடைத்தது. விரைவு நீதிமன்றம் 2013 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது, உயர் நீதிமன்றம் 2014 மார்ச்சில், உச்ச நீதிமன்றம் 2017 மே மாதத்தில், கடைசியில் 2020 மார்ச் 20 விடிகாலையில் திகாரில் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். நாடே கண் கொட்டாமல் பார்த்த வழக்குக்கு ஏழு வருடம் மூன்று மாதம். யாரும் பார்க்காத வழக்குகள்? 2022-ல் நாடு முழுவதும் விசாரணை முடிந்த பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குச் சுமார் 27-ல்தான் தண்டனை. கவனிக்கவும், இது விசாரணை முடிந்த வழக்குகளின் கணக்கு மட்டும். புகாரே ஆகாதவை, எஃப்.ஐ.ஆர். போடாதவை, போட்டும் வருடக்கணக்கில் கிடப்பவை இதில் சேராது.

கணக்கு புரிவதற்காக மட்டும் நானே எண்களைப் போட்டுக் காட்டுகிறேன், உண்மைப் புள்ளிவிவரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 100 குற்றம் நடக்கிறது. 40 பேர் காவல் நிலையம் போகிறார்கள். 25-க்கு எஃப்.ஐ.ஆர். 18-ல் ஆளைக் கண்டுபிடித்துக் குற்றப்பத்திரிகை. 5-ல் தண்டனை. இப்போது தண்டனையை இரண்டு மடங்கு ஆக்குங்கள். அந்த 5 பேர் கூடுதல் வருடம் உள்ளே இருப்பார்கள், மற்ற 95 பேருக்கு ஒன்றும் மாறவில்லை, அந்த 95 பேரின் கூட்டாளிகள் பார்க்கிற உலகமும் மாறவில்லை. அதற்குப் பதிலாக 25 எஃப்.ஐ.ஆரை 38 ஆக்கினால்?

2013-ல் வந்த குற்றவியல் திருத்தச் சட்டம் எனக்கு இதனால்தான் முக்கியம். நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி ஜே.எஸ்.வர்மா குழு ஒரே மாதத்தில், 2013 ஜனவரி 23-ல், அறிக்கை கொடுத்தது. வன்கொடுமைக்கு மரண தண்டனை வேண்டாம் என்று அந்தக் குழுவே சொன்னது, பெண்கள் அமைப்புகள் பலவும் அதையே சொல்லியிருந்தன. ஆனாலும் சில நிலைகளில் மரண தண்டனை சட்டத்தில் சேர்ந்தது, தலைப்புச் செய்தி ஆனது. அதே சட்டத்தில் 166ஏ என்று ஒரு பிரிவும் வந்தது. பாலியல் குற்றப் புகாரை எஃப்.ஐ.ஆராகப் பதிவு செய்ய மறுக்கும் போலீஸ் அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை. இன்றைக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 199-வது பிரிவு. நிச்சயத்தைக் கூட்டுகிற பிரிவு எது என்றால் இதுதான். அட்டை பிடித்து நின்ற எங்களில் எத்தனை பேருக்கு அதன் எண் தெரியும்?

இந்த நிச்சயம் எப்படிக் கசிகிறது என்பதை நானே பார்த்தேன். சில வருடத்துக்கு முன்னால் மலை மந்திரில் தைப்பூசம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் என் போனைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். காவல் நிலையம் போனேன். எது என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்தவர் அன்பாகத்தான் பேசினார், டீ கூட வாங்கிக் கொடுத்தார், "தொலைந்துபோனது" என்று எழுதிக் கொடுங்கள் மேடம், சிம் வாங்க அது போதும் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த இரவில் மூன்று காரியம் நடந்தது. எனக்கு நடந்த வழிப்பறி, கணக்கில் என் கவனக்குறைவாக மாறியது. அந்த நிலையத்தின் குற்ற எண்ணிக்கை ஏறாமல் நின்றது. அந்த இரண்டு பேருக்கு, இந்த ரோட்டில் பிடுங்கினால் ஒன்றும் ஆகாது என்ற பாடம் மறுபடி ஒருமுறை கிடைத்தது. பதிவாகாத குற்றத்தை ஆராய்ச்சியாளர்கள் இருட்டு எண் என்பார்கள். போலீஸ் கணக்கை மட்டும் நம்பாமல் வீடு வீடாகப் போய் உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்கும் ஆய்வுகளை அவர்கள் நடத்துவது அதனால்தான். ஓர் ஊரில் குற்ற எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்றால் அங்கே புகாரை ஒழுங்காக எழுதுகிறார்கள் என்றும் அர்த்தமாக இருக்கலாம், எண் ஏறினால் அதிகாரியைத் திட்டுகிற பழக்கம்தான் பாதி எஃப்.ஐ.ஆரைக் கொல்கிறது என்பது என் கருத்து.

நிச்சயம் என்றதும் தெருவெல்லாம் போலீஸை நிறுத்துவது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் கன்சாஸ் நகரத்தில் 1972-73-ல் சில பகுதிகளில் ரோந்தை நிறுத்தியும், சில பகுதிகளில் இரண்டு மூன்று மடங்கு கூட்டியும் பார்த்தார்கள். குற்றத்திலும் வித்தியாசம் இல்லை, மக்களின் பயத்திலும் இல்லை. அங்கங்கே சுற்றுகிற காரை யாரும் கவனிக்கக்கூட இல்லை. பிறகு மினியாபொலிஸில் லாரன்ஸ் ஷெர்மனும் சக ஆய்வாளர்களும் பார்த்தபோது, நகரத்து முகவரிகளில் நூற்றுக்கு மூன்றிலிருந்துதான் போலீஸுக்கு வரும் அழைப்புகளில் பாதி வந்தது. அந்த இடங்களில் மட்டும் குறிவைத்து நின்றால் பலன் தெரிந்தது. தில்லியில் இருக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தன் பகுதியில் அந்த மூன்று சதவீதம் எது என்று சொல்வாள். விளக்கு எரியாத சுரங்கப்பாதை, மெட்ரோவிலிருந்து இறங்கி ஆட்டோ கிடைக்காத அந்த இருநூறு மீட்டர்.

மூன்றாவது குணமான சீக்கிரத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹவாயில் ஸ்டீவன் ஆல்ம் என்ற நீதிபதி 2004-ல் ஒரு முறையைத் தொடங்கினார். நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர் போதைப் பரிசோதனையில் தவறினால் வருடக்கணக்கில் சிறை என்று மிரட்டாமல், உடனே, தவறாமல், சில நாள் மட்டும் சிறை. முதல் ஆய்வில் பலன் பிரமாதமாக இருந்தது. அதையே வேறு நான்கு மாநிலங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. ஓர் இடத்தில் பலித்தது இன்னோர் இடத்தில் பலிக்கும் என்று நம்பிவிடக் கூடாது, அதனால்தான் ஒரே ஆய்வோடு யாரும் நிறுத்துவதில்லை.

நிச்சயம் என்ற சொல்லை இன்னொரு பக்கமும் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். யாரையாவது உடனே பிடித்து உள்ளே போடுவது நிச்சயம் ஆகாது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நாலில் மூன்று பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். ஜாமீன் கிடைத்தும் கட்டப் பணமில்லாமல், ஜாமீன்தாரர் கிடைக்காமல் கிடப்பவர்கள் அதில் உண்டு. தில்லியில் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த நம் தமிழ்க் குடும்பங்களில் பையன் ஒருவன் சந்தேகத்தில் மாட்டினால் அந்த வீடு என்ன ஆகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். தப்புச் செய்தாலும் உள்ளே, செய்யாவிட்டாலும் உள்ளே என்று ஆகிவிட்டால் தண்டனைக்கும் குற்றத்துக்கும் தொடர்பே அறுந்துவிடுகிறது, தடுப்பும் அத்தோடு போயிற்று. டேனியல் நேகின் என்ற குற்றவியல் அறிஞர் இந்தத் துறையின் ஆய்வுகளைத் திரும்பத் திரும்பத் தொகுத்துப் பார்த்தவர். அவர் கண்டதில் தடுப்பது பிடிபடும் நிச்சயம்தான். நீண்ட சிறைவாசத்துக்கு அந்தச் சக்தி இல்லை. சிறைக்குப் போய்வந்தவர்கள் மறுபடி குற்றம் செய்வது குறைவதாகவும் தெரியவில்லை, சில ஆய்வுகளில் சற்று ஏறவும் செய்கிறது.

அப்படியானால் தண்டனையே வேண்டாமா என்று அந்தத் தம்பி அடுத்த வாரம் கேட்டான். வேண்டும். தண்டனையே இல்லாவிட்டால் எதை நிச்சயமாக்குவது? கொலைக்கு நூறு ரூபாய் அபராதம் என்று யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே கடுமையாக இருக்கிற ஒன்றை இன்னும் ஒரு படி ஏற்றுவதால் கிடைப்பது மிகக் குறைவு என்பதுதான் செய்தி. அதே பணத்தை, அதே நாடாளுமன்ற நேரத்தை டிஎன்ஏ அறிக்கை மாதக்கணக்கில் தங்காத ஆய்வகத்துக்கும், சாட்சி சொல்ல வருபவருக்குப் பஸ் காசும் பாதுகாப்பும் கொடுப்பதற்கும், காலியாகக் கிடக்கிற நீதிபதி நாற்காலிகளுக்கும் செலவழித்தால் கிடைப்பது அதிகம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல், ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் ஏற்பாடு செய்துகொள்ள ஐந்து வருடம் அவகாசம் கொடுத்திருக்கிறது. நான் கவனித்துக்கொண்டிருப்பது அந்த ஏற்பாட்டைத்தான்.

கடைசியாக, என் போன் கதை மாதிரி உங்களுக்கு நடந்தால் செய்ய வேண்டியது இது. குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், அதை ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. மின்னணு வழியாகவும் தகவல் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின் நான்காம் உட்பிரிவில் காவல் கண்காணிப்பாளருக்கு, தில்லியில் என்றால் டிசிபிக்கு, எழுத்தில் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம். "தொலைந்துபோனது" என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள், பிடுங்கப்பட்டது என்றே எழுதுங்கள். எஃப்.ஐ.ஆரின் நகலைக் காசு கொடுக்காமல் வாங்கிக்கொண்ட பிறகு அங்கிருந்து கிளம்புங்கள்.